பழைய காருக்கு எந்த ஆயில் ஃபில்டர்? மலை ஏறி இறங்கும் வண்டிகளுக்கு ஓர் ஒப்பீடு

கம்பத்திலோ போடியிலோ ஸ்பேர்ஸ் கடையில் போய் "மாருதி 800-க்கு ஆயில் ஃபில்டர்" என்று கேட்டால், மூன்று டப்பாக்களை எடுத்து முன்னால் வைப்பார்கள். ஒன்றில் கார் கம்பெனியின் பெயர் இருக்கும். இன்னொன்றில் ஃபில்டர் கம்பெனியின் பெயர். மூன்றாவதில் எங்கேயோ பார்த்தது போன்ற எழுத்தும் நிறமும், ஆனால் யார் செய்தது என்று தெரியாது. அட்டையைப் பிரித்தால் மூன்றும் ஒரே மாதிரி தகர டப்பாதான். "எல்லாம் ஒண்ணுதாண்ணே, எதையாவது போடுங்க" என்று பட்டறையிலும் சொல்லிவிடுவார்கள்.

உள்ளே இருப்பது ஒன்றில்லை. சமவெளியில் மெதுவாக ஓடும் வண்டிக்குக்கூட அந்த வித்தியாசம் கணக்கில் வரும். கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி என்று மலை ஏறி, ஏலத்தோட்டத்துக்கு ஆள் இறக்கிவிட்டுத் திரும்பும் பழைய ஜீப்புக்கும், வண்டன்மேட்டிலோ வண்டிப்பெரியாரிலோ இரவெல்லாம் குளிரில் நிற்கும் 800-க்கும் ஆம்னிக்கும் அது இன்ஜினின் ஆயுளையே பாதிக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

மரையும் ரப்பர் வளையமும். மாருதி 800, ஆம்னி, ஆல்டோ, ஜென் போன்ற சுசுகி வழி வண்டிகளுக்கு 20 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் பிட்ச் மரை (பிட்ச் என்பது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி). வேறு பல இன்ஜின்களில் முக்கால் அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 16 மரை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், அதன் பிட்ச் 1.59. அளவு இவ்வளவு நெருங்கி இருப்பதுதான் ஆபத்து. இன்ஜினில் ஃபில்டர் சுற்றி ஏறும் மரைத் தண்டுதான் ஸ்டட்; முக்கால் அங்குல ஸ்டட்டில் 20 மில்லிமீட்டர் ஃபில்டர் சுலபமாக ஏறும், இறுகியது போலவும் இருக்கும். மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏறும்போது ஆயில் பிரஷர் கூடினால் ஃபில்டர் நழுவி, மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டிவிடும். புது ஃபில்டரைக் கையால் சுற்றும்போது லொடலொடவென்று ஆடினால் அதைப் போடக்கூடாது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ரப்பர் வளையத்தின் விட்டத்தையும் பாருங்கள். இன்ஜினில் அது உட்காரும் வட்டத்துக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் கசியும்.

ஆயிலைத் திரும்ப விடாத வால்வு. இந்த மலைக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். ஃபில்டரின் வாயைச் சுற்றியுள்ள சின்ன ஓட்டைகள் வழியாக ஆயில் உள்ளே போகிறது. அழுக்கை வடிகட்டும் காகிதத்தை வெளியிலிருந்து உள்ளாகக் கடந்து, நடு ஓட்டை வழியாக இன்ஜினுக்குப் போகிறது. வண்டியை நிறுத்தியதும் அந்த ஆயில் வந்த வழியே கீழே இறங்கிவிடாமல், சின்ன ஓட்டைகளை உள்ளிருந்து ஒரு ரப்பர் தட்டு மூடுகிறது. ஃபில்டர் படுத்தவாக்கிலோ சாய்ந்தோ மாட்டியிருக்கும் இன்ஜினில் இந்த ரப்பர் சரியில்லை என்றால், விடிவதற்குள் ஃபில்டர் காலியாகிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தால் முதலில் ஃபில்டர் நிரம்ப வேண்டும், பிறகுதான் பேரிங்குக்கு ஆயில் போகும். அந்த மூன்று நான்கு விநாடி உலோகமும் உலோகமும் உரசும்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, சிவப்பு ஆயில் விளக்கு அணைய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு விநாடிக்குள் அணைந்தால் நல்லது. நாலைந்து விநாடி எரிந்து, கூடவே மேலே வால்வுப் பக்கம் 'டக டக' என்று சத்தம் வந்து பிறகு அடங்கினால், முதல் சந்தேகம் ஃபில்டர் மேல்தான் வர வேண்டும். விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காக பிரஷர் முழுதாக வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கின் ஸ்விட்ச் அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அளவிலோ அதற்கும் கீழோ விளக்கை அணைத்துவிடும்.

இந்த ரப்பர் தட்டு இரண்டு விதம். கறுப்பு நைட்ரைல் ரப்பர் விலை குறைவு, ஆனால் சூட்டில் நாளாக நாளாக விறைத்துவிடும். சிலிகான் சூடு தாங்கும், குளிரிலும் இளக்கமாக இருக்கும். அது பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் வரும்.

பைபாஸ் வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டாலும் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தாலும், இன்ஜின் ஆயிலில்லாமல் காயக்கூடாது என்று ஒரு ஸ்பிரிங் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே உள்ளே விடும். பல சின்ன கார்களில் இது ஏறக்குறைய 1 பார் அழுத்த வித்தியாசத்தில் திறக்கும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் வால்வு எப்போதும் பாதி திறந்தே கிடக்கும், ஃபில்டர் இருந்தும் பயனில்லை. மார்கழிக் காலையில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி வகை ஆயில் தேன் போல இழுக்கும். அப்போது ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலரேட்டரை உறுமவிட்டால் நல்ல ஃபில்டரிலும் பைபாஸ் திறந்துகொள்ளும். அரை நிமிடம் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் விட்டுவிட்டு மெதுவாகக் கிளப்புவது நல்லது.

காகிதம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான். சாதாரண நல்ல காகித ஃபில்டர் 25, 30 மைக்ரான் துகள்களில் பெரும்பகுதியைப் பிடிக்கும். சிந்தெடிக் இழை கலந்தது 20 மைக்ரானையும் அதற்குக் கீழேயும் நன்றாகப் பிடிக்கும். மடிப்பு எத்தனை, காகிதத்தின் இரு முனையும் சேரும் இடம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்பவையும் இதே அளவு முக்கியம். மடிப்பு குறைந்தால் பரப்பு குறையும், சீக்கிரம் அடைக்கும்.

கடைசியாக விலையும், வேண்டும்போது கிடைப்பதும். ஒருமுறை ஆயில் மாற்ற ஆயிலுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். சின்ன மாருதிக்கு நல்ல ஃபில்டர் நூற்றிலிருந்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அடுத்து வருவதைக் கவனமாகப் படியுங்கள்.

## கார் கம்பெனி பெயரில் வருவது

கார் கம்பெனிகள் பெரும்பாலும் ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. ஃபில்டர் கம்பெனியிடம் தங்கள் அளவைக் கொடுத்துச் செய்து வாங்குகின்றன. அந்த அளவு கொடுப்பதில்தான் இதன் மதிப்பு இருக்கிறது: மரை, வளையம், பைபாஸ் அழுத்தம், ரப்பர் தட்டு எல்லாம் அந்த இன்ஜினுக்கென்று குறித்தவை. "800-க்குக் குடுங்க" என்பதைவிட பார்ட் நம்பர் சொல்லிக் கேளுங்கள். சுசுகி ஆயில் ஃபில்டர் நம்பர்கள் 16510 என்று தொடங்கும், மீதியைப் பழைய ஃபில்டரிலோ பில்லிலோ பார்த்துக்கொள்ளலாம்.

வெளியில் தெரியாத செலவு இரண்டு உண்டு. தயாரிப்பு நின்ற வண்டிகளுக்கு ஸ்டாக் பழசாகிக் கிடக்கும். அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-லேயே நின்றுவிட்டன. 800-க்கு இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது, மற்றதற்கு அப்படிச் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் அலமாரியில் இருந்த ஃபில்டரில் ரப்பர் காய்ந்திருக்கும். டப்பாவில் மாதமும் வருடமும் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது செலவு, டூப்ளிகேட். அதிகம் விற்கும் பெயரைத்தான் போலியாக அடிப்பார்கள்.

## பெயர் தெரிந்த ஃபில்டர் கம்பெனி

போஷ், பியூரோலேட்டர், மான், எலோஃபிக் போன்றவை. கார் கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் அனுபவம் உள்ள நிறுவனங்களின் ஃபில்டர், தன் சொந்தப் பெயரில் வரும்போது பல சமயம் கம்பெனி டப்பாவுக்குச் சமமாகவே இருக்கும். எப்போதும் என்று சொல்ல முடியாது. ஒரே ஃபில்டரைப் பல மாடல்களுக்குப் பொதுவாக விற்கும்போது பைபாஸ் அழுத்தத்தில் ஒரு சராசரியை வைத்துவிடுவார்கள். டப்பாவில் உங்கள் மாடலும் இன்ஜினும், பெட்ரோலா டீசலா என்பதும் அச்சாகி இருந்தால் போடலாம். "இதும் அதும் ஒரே சைஸ்தான்" என்ற கடைக்காரரின் வாக்கை மட்டும் நம்பிப் போடாதீர்கள். டீசல் ஜீப்புக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். டீசலின் கரி சீக்கிரம் காகிதத்தை அடைக்கும் என்பதால் அதற்குக் காகிதப் பரப்பு அதிகம் வேண்டும்.

பழைய வண்டி வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு இந்த இரண்டாம் வகையே போதும். கம்பம், தேனி, குமுளி, கட்டப்பனை என்று தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கமும் கிடைக்கும். வழியில் மாற்ற வேண்டி வந்தாலும் தேட வேண்டாம்.

## பெயரில்லாத மலிவு ஃபில்டர்

விலை பாதிதான். இதில் மிச்சம் பிடித்தது எங்கே என்று பார்த்தால் தெரியும்: காகித மடிப்பு குறைவு, ரப்பர் தட்டு விறைப்பு, ஸ்பிரிங் மெல்லிசு, காகிதத்தின் மேலும் கீழும் ஒட்டும் மூடி சில சமயம் சரியாக ஒட்டாமல் ஒரு பக்கம் பிளந்திருக்கும். அந்தப் பிளவு வழியாக ஆயில் வடிகட்டாமலே போய்க்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது, ஆயில் விளக்கும் எரியாது. 30,000 கிலோமீட்டருக்கு அப்புறம் பேரிங் சத்தம் கேட்கும்போது யாரும் ஃபில்டரை நினைக்கமாட்டார்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை இது, இரண்டு நிமிடம் போதும். ஃபில்டரைத் திருப்பி வாய்ப்பக்கம் பாருங்கள். சின்ன ஓட்டைகளுக்குள் ரப்பர் தெரிகிறதா? தீக்குச்சியின் பின்முனையால் மெல்ல அழுத்துங்கள். இளகி உள்ளே போய், விட்டதும் திரும்ப வந்து ஒட்ட வேண்டும். ஒரு ஓட்டையில் ரப்பர் விலகி வெளிச்சம் தெரிந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு நடு ஓட்டையின் மரையை விரலால் தடவுங்கள். பிசிறோ இரும்புத் துகளோ விரலில் ஒட்டினால் கட்டாயம் வேண்டாம், ஏனென்றால் அது வடிகட்டிய ஆயில் வெளியே வரும் பக்கம். அங்கே இருக்கும் துகள் எந்தக் காகிதத்தையும் சந்திக்காமல் நேரே பேரிங்குக்குப் போகும். கடைசியாகக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதாவது கலகலத்தால் தளர்ந்திருக்கிறது.

கம்பெனிப் பெயர் போட்ட டப்பாவையும் இதே மாதிரி சோதியுங்கள். செய்தவர் பெயர், முகவரி, மாதம், விலை எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இவற்றில் ஒன்று மங்கலாகவோ இல்லாமலோ இருந்தால் பில் கேளுங்கள். பில் கொடுக்கத் தயங்கும் கடையில் ஃபில்டர் வாங்க வேண்டாம்.

இந்த மலிவு வகைக்கு உள்ள ஒரே நியாயமான இடம், இன்ஜினைச் சுத்தம் செய்ய 200, 300 கிலோமீட்டர் மட்டும் ஓட்டிக் கழற்றப் போகும்போது. அதற்கும் மரை சரியாக இருக்க வேண்டும்.

## விலை கூடிய சிந்தெடிக்

ஆன்லைனில் ஐந்நூறுக்கும் மேலே போகும். நன்றாகச் செய்தது என்றால் துகளை நன்றாகப் பிடிக்கும், அதிக அழுக்கைத் தாங்கும். 10,000 கிலோமீட்டர் இடைவெளிக்கென்றே உருவானவை இவை. சிக்கல் பழைய இன்ஜினில்தான் வருகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் கரியும் எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலக்கும். குமுளியில் கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஆயில் முழுச் சூடே ஏறாது, ஈரம் அதிலேயே தங்கும். எந்த ஃபில்டரும் தண்ணீரையோ அமிலத்தையோ பெட்ரோலையோ பிரித்தெடுக்காது. ஆகவே ஆயிலை 5,000-த்தில் மாற்றித்தான் ஆக வேண்டும், அப்போது ஃபில்டரையும் கழற்றிவிடுவீர்கள். பாதி ஆயுளே ஓடும் பொருளுக்கு நாலு மடங்கு விலை கொடுத்தது மிச்சம்.

இன்ஜின் நல்ல நிலையில் இருந்து, சிந்தெடிக் ஆயில் ஊற்றி, மாதத்துக்கு நான்கு முறை சென்னையோ பெங்களூரோ போய்வரும் வண்டிக்கு இது சரியான தேர்வு.

உயரம் கூடிய ஃபில்டர் போடுவது இன்னொரு வழக்கம். மரை, வளையம், பைபாஸ் மூன்றும் பொருந்தினால் காகிதப் பரப்பு கூடுவது லாபமே. சைலன்சருக்கு அருகிலோ கீழே கல் தட்டும் உயரத்திலோ வந்தால் வேண்டாம். தோட்டத்து வழியில் ஓடும் ஜீப்புக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

## அம்பாசிடரின் கிண்ண ஃபில்டர்

1489 சிசி பழைய அம்பாசிடரில் தகர டப்பா ஃபில்டர் கிடையாது. ஒரு கிண்ணம், நடுவில் நீளமான போல்ட், உள்ளே மாற்றக்கூடிய காகித எலிமென்ட். எலிமென்டை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதா, அடாப்டர் வைத்து, சுற்றி மாட்டும் தகர டப்பா ஃபில்டருக்கு மாறுவதா என்பது பலரும் நின்று யோசிக்கும் இடம்.

கிண்ணம் ஒழுங்காகச் செய்தால் நல்லது. அதில் கெடுவது எப்போதும் இரண்டு இடத்தில்தான். தலைப்பகுதியின் பள்ளத்தில் இருக்கும் பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்துவிடுவார்கள். வண்டி கிளம்பும்வரை பிடித்து, ஏற்றத்தில் பீய்ச்சி அடிக்கும். ஊசியால் நெம்பிப் பழையதை முழுசாக எடுத்துப் பள்ளத்தைத் துடைக்க வேண்டும். இரண்டாவது இதைவிட மோசம்: எலிமென்டுக்கு அடியில் ஸ்பிரிங், வாஷர், ஃபெல்ட் அல்லது ரப்பர் வளையம், அதன்மேல் தட்டு என்று ஒரு வரிசை உண்டு. பழைய எலிமென்டில் ஒட்டிக்கொண்டு அவையும் குப்பைக்குப் போய்விடும். அவை இல்லாமல் மாட்டினாலும் கசியாது, சத்தம் வராது. எலிமென்ட் சரியாக உட்காராமல் ஆயில் அதைச் சுற்றிக்கொண்டு போகும். இப்படிப் பல வருடம் ஓடும் அம்பாசிடர்கள் உண்டு, உரிமையாளருக்கே தெரியாது.

உங்கள் பட்டறையில் இந்த வரிசை தெரிந்த கை இருந்தால் கிண்ணத்தையே வைத்துக்கொள்ளுங்கள். கையாள ஆளில்லை, எலிமென்டும் கிடைக்கவில்லை என்றால் அடாப்டருக்கு மாறலாம். மாறும்போது ஃபில்டர் தொங்கும் திசையைப் பாருங்கள். வாய் கீழ்நோக்கி நின்றால் திரும்ப விடாத வால்வு கட்டாயம் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வகை | பலம் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| கார் கம்பெனி | அளவு துல்லியம் | பழைய ஸ்டாக், டூப்ளிகேட் | சுசுகி வழி வண்டிகள் |
| பெயர் தெரிந்த ஃபில்டர் கம்பெனி | எங்கும் கிடைக்கும் | மாடல் மாறிப் போகும் ஆபத்து | தினமும் மலை ஏறும் வண்டி, ஜீப் |
| பெயரில்லாதது | விலை மட்டும் | பேரிங் தேய்மானம், ஆயில் ஏறாத காலை ஸ்டார்ட் | சுத்தம் செய்யும் சில நாளுக்கு |
| சிந்தெடிக் | அழுக்கு தாங்கும் அளவு | பாதி ஆயுளில் கழற்ற வேண்டும் | நல்ல இன்ஜின், நீண்ட ஓட்டம் |
| கிண்ண எலிமென்ட் | குப்பை குறைவு, திறந்து பார்க்கலாம் | வேலைத்திறன் வேண்டும் | பழைய அம்பாசிடர் |

## எத்தனை நாளுக்கு ஒருமுறை

கம்பம், உத்தமபாளையம் என்று கீழேயே ஓடும் பெட்ரோல் வண்டிக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. தினமும் மெட்டு ஏறும் டீசல் ஜீப்புக்கு 4,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ள வேண்டாம். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரும் மாற வேண்டும். பழைய ஃபில்டரில் தங்கிய அழுக்கு ஆயில் புது ஆயிலோடு கலக்கும்.

கேரளத்திலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த வண்டிக்கு ஒரு தனிக் கணக்கு. முன்பு எப்போது மாற்றினார்கள் என்று தெரியாது. புது ஆயிலில் உள்ள சோப்புக் குணம், உள்ளே படிந்திருக்கும் பழைய மண்டியைக் கரைத்துக் கொண்டுவரும், முதல் ஃபில்டர் வேகமாக அடைக்கும். முதல் மாற்றத்துக்குப் பிறகு 1,000 கிலோமீட்டரிலேயே ஃபில்டரை மட்டும் மீண்டும் மாற்றி, அதனால் குறைந்துபோன ஆயிலை நிரப்பிக்கொள்ளுங்கள். மழை ஈரத்தில் ஓடிய வண்டிகளில் ஃபில்டர் டப்பாவின் மடிப்பு ஓரத்தில் துரு பிடித்திருக்கும், அதையும் கையோடு பாருங்கள்.

## மாட்டுவதும் அறுத்துப் பார்ப்பதும்

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நின்றால் இரண்டு வளையமாகி ஆயில் பீய்ச்சும். உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, புது வளையத்தில் விரலால் புது ஆயில் தடவுங்கள். வளையம் தொடும்வரை கையால் சுற்றி, அங்கிருந்து முக்கால் சுற்று, அவ்வளவுதான். ஸ்பேனர், பட்டை எதுவும் இறுக்குவதற்கு வேண்டாம், கழற்ற மட்டும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் ஐடிலில் விட்டு, டார்ச் அடித்து ஓரத்தைப் பாருங்கள். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். ஃபில்டர் குடித்த ஆயில் குறைந்திருக்கும், அதை நிரப்புங்கள்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறிவதற்கு முன் திறந்து பார்த்தால் அடுத்த முறை எதை வாங்குவது என்று அதுவே சொல்லும். ஹாக்சா வேண்டாம், அதன் தூள் காகிதத்தில் விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டரோ, மடிப்பு ஓரத்தில் உளியோ நல்லது. காகிதத்தை வெளியே எடுத்து விரித்து, மேசையில் வெயில் படும்படி வைத்து, மேலே காந்தத்தை நகர்த்துங்கள். காந்தத்தில் இரும்புத் தூள் லேசாக ஒட்டுவது பழைய இன்ஜினில் இயல்பு. காந்தத்துக்கு வராமல் செம்பு நிறத்திலோ வெள்ளையாகவோ மினுங்குவது பெரும்பாலும் பேரிங்கின் துகள், அதை ஃபில்டர் மாற்றி சரிசெய்ய முடியாது. மடிப்புகள் ஒன்றோடொன்று நசுங்கிக் கிடந்தால், ஒட்டிய ஓரம் பிளந்திருந்தால், ரப்பர் தட்டு விரலால் வளைத்தும் வளையாமல் இருந்தால், அந்தப் பெயர் போட்ட ஃபில்டரை அடுத்த முறை கேட்காதீர்கள்.